மால்பு: ஓர் ஓவியம் தேடவைத்த சொல்



நான் வாழும் ஊர் பினாங்குத் தீவிலுள்ள ஆயர் ஈத்தாம். இப்பெயரைத் தமிழ் எழுத்தில் படிக்கும் சிறுவர் சிலர், முல்லை நிலத்து ஆயருக்கும் இவ்வூருக்கும் ஏதோ உறவு இருக்கவேண்டும் என்று எண்ணுவதுண்டு. உறவு ஏதுமில்லை. மலாய் மொழியில் 'ஆயர்' என்றால் நீர். 'ஹீத்தாம்' என்றால் கறுப்பு. பேச்சில் முதலெழுத்தின் ஹகர ஒலி தேய்ந்து 'ஈத்தாம்' ஆயிற்று. கருநீர் என்பதே ஊர்ப்பெயரின் பொருள். ஒலியை மட்டும் கேட்டுப் பொருளை ஊகித்தால் எவ்வளவு தொலைவு வழிதவறலாம் என்பதற்கு என் ஊரே சான்று. ஒரு சொல்லை அறிய அது சுட்டும் பொருளையும் அறிந்திருத்தல் வேண்டும். இவ்வுரை அதைப் பற்றியதே.

என் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஓர் ஓவியம் தொங்குகிறது. நீலகிரியில் வாழும் ஆலு குறும்பர் என்னும் பழங்குடியினரின் மரபில் வரையப்பட்டது. செங்குத்தான ஒரு பாறை; அதன் உச்சியில் ஒரு மரம்; மரத்தில் கட்டித் தொங்கவிட்ட கொடியேணி; ஏணியின் நடுவே ஒரு மனிதன்; அவன் எதிரே பாறையோடு ஒட்டிய பெரிய தேனடைகள். உச்சியில் இருவர் அமர்ந்து கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள். அடிவாரத்தில் கூடையுடன் சிலர் காத்திருக்கிறார்கள். தேனீக்கள் சிறு சிறு புள்ளிகளாகப் படம் முழுதும் பரந்திருக்கின்றன.

தமிழ் இலக்கியத் தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவி ஒருத்தி ஐயம் கேட்க வந்திருந்தாள். ஐந்திணைக் கருப்பொருள்களைத் தடையின்றி ஒப்பித்தாள். குறிஞ்சிக்குரிய தொழில்களுள் 'தேனழித்தல், கிழங்ககழ்தல்' என்பவற்றையும் சொன்னாள். பிறகு சுவரைப் பார்த்து, "ஐயா, இந்த ஆள் எதில் நின்றுகொண்டிருக்கிறார்?" என்று கேட்டாள். "ஏணியில்" என்றேன். "ஏணிக்கு மரச்சட்டம் இருக்குமே, இது தொங்குகிறதே, இதற்கு வேறு பெயர் இல்லையா?" என்றாள்.

எனக்கு உடனே விடை வரவில்லை. அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. சற்று முன் 'தேனழித்தல்' என்று ஒப்பித்த அவள், கண்ணெதிரே தொங்கும் ஓவியம் அந்தச் சொல்லின் படமே என்று அறியவில்லை. குற்றம் அவளுடையதன்று. அச்சொல்லை ஓர் அட்டவணையின் கட்டத்துக்குள் வைத்துத்தான் நாம் கற்பித்திருக்கிறோம்.

குறும்பரும் அவர்தம் பெயர்களும்

நீலகிரி மாவட்டத்தில் கோத்தகிரி, குன்னூர் வட்டாரங்களின் காட்டுச் சரிவுகளில் ஆலு குறும்பர் வாழ்கின்றனர். குறும்பர் என்னும் பொதுப்பெயரின்கீழ் வேறு குழுவினரும் உளர். அக்குழுப் பெயர்களே ஒரு மொழிநூல் பாடம். 'ஜேனு குறும்பர்' என்பதிலுள்ள ஜேனு, நம் தேன். 'முள்ளு குறும்பர்' என்பதில் முள் வெளிப்படையாகத் தெரிகிறது. 'ஆலு' என்பது ஆலமரமோ என்று மயங்கத் தோன்றும், அது பால். தமிழில் 'பால்' என நிற்பது கன்னடத்தில் 'ஹாலு' ஆகும். அந்த ஹகரமும் தேய்ந்தால் 'ஆலு' ஆகும். ஹீத்தாம் ஈத்தாம் ஆனதுபோலவே ஹாலு ஆலுவாயிற்று. உறவே இல்லாத இரு மொழிக்குடும்பங்களில் ஒரே ஒலித்தேய்வு நிகழ்ந்திருப்பதை மாணவர்கள் கருதிப் பார்க்கலாம்.

ஆலு குறும்பரின் பேச்சு தென்திராவிட மொழிகளுள் ஒன்று. தமிழின் கொச்சை வடிவமென்றோ கன்னடத்தின் சிதைவென்றோ அதனைக் கருதுவது பிழை. ஜெர்மானிய அறிஞர் டீட்டர் காப் அதற்கு இலக்கணமும் உரைத்தொகுதியும் சொற்களஞ்சியமும் அமைத்து 1982இல் ஜெர்மன் மொழியில் நூலாக வெளியிட்டார். எழுத்து வடிவம் இல்லாது வழங்கிவந்த அம்மொழிக்கு அந்நூல் பெரும் பதிவு ஆகும்.

ஓவியமோ அவர்களிடம் முன்னரே இருந்தது. கோத்தகிரியை அடுத்த வெள்ளரிக்கொம்பை என்னும் சிற்றூரின் அருகே எழுத்துப்பாறை என வழங்கும் பாறையில் பழைய ஓவியங்கள் உள்ளன. அவற்றைத் தம் முன்னோர் தீட்டியவை எனக் குறும்பர் போற்றுகின்றனர். விழாக் காலங்களில் வீட்டுச் சுவரில் வரைவதும் வழக்கமாயிருந்தது. பிற்காலத்தில், சென்னையிலுள்ள சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் போன்ற அமைப்புகளின் ஊக்கத்தால், அவ்வோவியங்கள் தாளுக்கும் துணிக்கும் வந்தன. வெள்ளரிக்கொம்பையைச் சேர்ந்த ஓவியர் இரா. கிருஷ்ணன் இயற்கை வண்ணங்களாலேயே தீட்டியவர் என்று அறியப்படுகிறார். மண், மரப்பட்டை, இலைச்சாறு, பிசின் ஆகியவையே அவ்வண்ணங்களுக்கு மூலம். செம்பழுப்பு நிறம் வேங்கை மரத்தின் பிசினிலிருந்து கிடைக்கிறது. குறிஞ்சிக்குரிய மரம் வேங்கை என மனப்பாடம் செய்யும் மாணவர், அதன் பட்டையைக் கீறினால் செந்நிறப் பிசின் வடியும் என்பதையும் இனிச் சேர்த்து நினைவில் கொள்ளலாம்.

படத்தை வாசித்தல்

இவ்வோவியத்தை அழகுப் பொருளாக மட்டும் பார்த்தால் நாம் இழப்பது மிகுதி. இதில் உள்ள ஒவ்வோர் உறுப்பும் தொழிலறிவு.

முதலாவது, பாறை. மலைத்தேனீ மரப்பொந்தில் கூடு வைப்பதில்லை. பாறையின் முகட்டடியிலோ உயர்ந்த மரத்தின் கிளையிலோ, வெளியே தெரியுமாறு ஒரே பெரிய அடையாகக் கட்டும். ஒரே பாறையில் பல கூட்டங்கள் அடுத்தடுத்து அடை கட்டுவதும் உண்டு. ஆகவேதான் ஓவியத்தில் அடைகள் வரிசையாகத் தொங்குகின்றன.

இரண்டாவது, ஏணி. காட்டுக் கொடிகளை முறுக்கி முடைந்து ஆக்கப்படுவது. மேலே மரத்தில் கட்டப்படுவது. ஏறுபவன் கீழிருந்து மேலே செல்வதில்லை, மேலிருந்து கீழே இறங்குகிறான். உச்சியில் வரையப்பட்ட அந்த ஒற்றை மரத்தை அழகுக்காக வைத்ததாகக் கொள்ளலாகாது. ஒருவன் உயிர் அதில்தான் கட்டப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, புகை. இறங்குபவன் கையில் பச்சிலைக் கட்டு இருக்கிறது. அதன் புகையால் தேனீக்கள் அடையைவிட்டு விலகும்.

நான்காவது, உச்சியில் கயிற்றைப் பிடித்திருப்பவர். தேனெடுக்கும் மலைக்குடிகள் சிலரிடையே, கயிற்றை மைத்துனனே பிடிக்கவேண்டும் என்னும் வழக்கம் சொல்லப்படுகிறது. தன் உடன்பிறந்தாள் கைம்பெண் ஆவதை எந்த மைத்துனனும் விரும்பான் என்பதே காரணம். 'மைத்துனன்' என்னும் ஓர் உறவுச்சொல்லுக்குள் ஒரு காப்புறுதியே அடங்கியிருப்பதை இங்குக் காண்கிறோம்.

ஐந்தாவது, கீழே நிற்போர். தேனெடுத்தல் தனியொருவன் வீரம் அன்று. இறங்குபவன், பிடிப்பவர், கீழே வாங்குபவர் என அது ஒரு கூட்டுத்தொழில்; பகிர்வும் அவ்வாறே.

மால்பு

மாணவியின் வினாவுக்கு விடை தேடி அன்று மாலை பத்துப்பாட்டைப் புரட்டினேன். பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், நன்னனது மலையில் எழும் பலவகை ஓசைகளைத் தொகுத்துக் கூறும் பகுதியை உடையது. அவ்வோசைகளுள் ஒன்று தேனைக் கொள்ளைகொள்வோர் எழுப்பும் ஆரவாரம். ஆண்குரங்கும் ஏற இயலாது கைவிட்ட நெடும்பாறையில், நிலையாக நட்டு வைத்த 'மால்பு' வழியே ஏறி அவர்கள் தேனைக் கொண்டனர் என்று புலவர் கூறுகிறார். குறுந்தொகையின் 273ஆம் பாடலிலும் இச்சொல் வருகிறது. பெருந்தேன் உள்ள மலையில், பழையதான மால்பு என்று அறியாமல் ஏறிய பேதை அங்கே உவமையாகிறான். பழைய மால்பை நம்பலாகாது என்பது கேட்போர் அனைவருக்கும் தெரிந்திருந்தாலன்றி அவ்வுவமை பொருள் தராது.

மால்பு என்பதற்குக் கண்ணேணி என உரை கூறுவர். கணுக்களைப் படியாக விட்டுச் செதுக்கிய ஒற்றை மூங்கிலே கண்ணேணி. என் சுவரிலுள்ள கொடியேணியும் சங்கப் பாடலின் மூங்கிலேணியும் ஒன்றல்ல என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். தொழில் ஒன்று, கருவி இடத்துக்கேற்ப மாறியது. ஆயினும் 'தேனெடுக்க மலையேறும் ஏணிக்குத் தனிப்பெயர் உண்டா?' என்னும் வினாவுக்குத் தமிழில் விடை இருந்தது. அகராதியில் அச்சொல் இன்றும் உள்ளது, வாய்களில் இல்லை.

இதற்கு இணையான இன்னொரு சொல் 'இறால்'. இன்று இச்சொல்லைக் கேட்டால் ஆயர் ஈத்தாம் சந்தையின் மீன்கடையே நம் நினைவுக்கு வரும். சங்க இலக்கியத்தில் தேனடைக்கு வழங்கிய பெயரும் இறாலே. குறிஞ்சிப் பாடலில் இறால் என வருமிடத்தில் மலையுச்சிக்குக் கடலுணவு எப்படி வந்தது என்று திகைத்த மாணவரை நான் கண்டிருக்கிறேன். தேனெடுக்கும் தொழிலிலிருந்து பெரும்பான்மைத் தமிழர் விலகியபோது, அச்சொல்லின் ஒரு பொருள் உதிர்ந்து மற்றொன்று மட்டும் நின்றது.

கபிலர் பாடிய புறநானூற்று 109ஆம் பாடல், பாரியின் பறம்புமலை உழவர் உழாமலே நான்கு விளைவுகளைத் தரும் என்கிறது: மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர், பூண் கட்டிய பாரைக்கோலால் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்த்து, முற்றத்து நிலவுரலில் குற்றுகின்றனர். தேடியுண்ணும் வாழ்க்கையை நம் முன்னோர் இழிவாகக் கருதவில்லை. நுணுக்கமாகக் கவனித்துப் பாடியுள்ளனர்.

பாலைநிலத்துப் புள்ளிகள்

உணவு தேடுதலை வரைவது குறும்பர்க்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையில் வாழும் தொல்குடியினரின் புள்ளி ஓவியங்கள் இன்று உலகப் புகழ் பெற்றவை. அவை கித்தான் துணிக்கு வந்த கதையில் ஆசிரியர்க்கு ஓர் இடமுண்டு. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கிலுள்ள பாப்புன்யா குடியிருப்பில் ஜெஃப்ரி பார்டன் என்னும் பள்ளியாசிரியர் பணியாற்றினார். 1971இல் அவரது ஊக்கத்தால் அங்கிருந்த முதியோர் பள்ளிச் சுவரில் ஒரு பேரோவியம் தீட்டினர். அதன் பொருள் தேனெறும்பு. இனிய சாற்றை வயிற்றில் சேமித்துவைக்கும் அவ்வெறும்பைப் பெண்கள் முல்கா மரத்தடியில் ஆழத் தோண்டி எடுப்பர். அது உணவு, அத்துடன் அவ்விடத்தின் தோற்றக்கதையும் ஆகும். சில ஆண்டுகளில் அச்சுவரோவியம் வண்ணப்பூச்சால் மறைக்கப்பட்டது. ஆனால் அங்கே தொடங்கிய ஓவியர் குழு 1972இல் தனக்கென நிறுவனம் அமைத்துக்கொண்டு தழைத்தது.

அவ்வோவியங்களின் குறியீடுகள் மணலில் கதை சொல்லும்போது விரலால் வரையும் கோடுகளிலிருந்து வந்தவை. குதிரைலாட வடிவ வளைவு ஒன்று, அமர்ந்திருக்கும் ஒருவரைக் குறிக்கும். மணலில் அமர்ந்தெழுந்தவர் விட்டுச்செல்லும் தடம் அது. அதன் அருகில் ஒரு நேர்கோடு இருந்தால் தோண்டுகோல். நீள்வட்டம் இருந்தால் மரத்தட்டு. இரண்டும் சேர்ந்திருந்தால் அங்கே அமர்ந்திருப்பவள் உணவு தேடும் பெண். ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வட்டங்கள் நீர்நிலையாகவோ தங்குமிடமாகவோ எறும்புப் புற்றாகவோ இருக்கலாம். எது என்பதைக் கதையறிந்தவரே சொல்லமுடியும். அயலார் காணக்கூடாதவற்றை மறைக்கவும் புள்ளிகள் பயன்பட்டன என்பர்.

குறும்பர் ஓவியத்தையும் இதனையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு விளங்கும். பாலைநில ஓவியம் மேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கிறது. குறும்பர் ஓவியம் எதிரே நின்று நிமிர்ந்து பார்க்கிறது. ஒருவர் உணவு மண்ணுக்கடியில். மற்றவர் உணவு பாறையுச்சியில். உணவு இருக்கும் திசையே ஓவியரின் கண்ணுக்குத் திசை வகுத்திருக்கிறது என்பது என் கருத்து.

பெயருக்கும் உணவுக்கும் உள்ள உறவை அங்கும் காணலாம். எமிலி கேமெ ஙுவாரே என்னும் அன்மாட்யர் மொழிப் பெண், முதுமையில் தூரிகை எடுத்து உலகப் புகழ் எய்தி 1996இல் மறைந்தார். அவர் பெயரிலுள்ள 'கேமெ' என்பது ஒருவகை வள்ளிக்கிழங்குக் கொடியின் விதையைக் குறிக்கும். அவர் 1995இல் தீட்டிய, ஏறத்தாழ 8 மீட்டர் அகலமுள்ள ஓவியம் அக்கிழங்கின் வேர்ப்பின்னலே. தன் பெயரையே அவர் வரைந்தார் எனலாம்.

நம் அண்டையில்

தொலைநாடுகளைச் சொன்ன நான் இம்மாநிலத்தையும் சொல்லவேண்டும். பினாங்கின் தலைநிலப் பகுதியான செபராங் பிறையில் குவார் கெப்பா என்றோர் இடம் உண்டு. 'குவார்' வடபுல மலாய் வழக்கில் மேடு. 'கெப்பா' ஒருவகைச் சிப்பி. தொல்பழங்கால மக்கள் உண்டு எறிந்த சிப்பி ஓடுகள் குவிந்து மேடானதால் அப்பெயர் பொருந்துகிறது. 2017இல் அங்கே ஒரு தொன்மையான எலும்புக்கூடும் கிடைத்தது. அவர்கள் என்ன உண்டனர் என்பதை ஓடுகள் சொல்கின்றன. அச்சிப்பியை அவர்கள் என்ன பெயரிட்டு அழைத்தனர் என்பதைச் சொல்ல எவருமில்லை. 'கெப்பா' பின்வந்தவர் இட்ட பெயர்.

அருகிலுள்ள பேராக், கிளந்தான் மாநிலக் காடுகளில் ஜஹாய் என்னும் ஓராங் அஸ்லி மக்கள் வாழ்கின்றனர். அவர்களது மொழி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சார்ந்தது. மலாய்க்கும் தமிழுக்கும் உறவற்றது. நாம் ஒரு மணத்தைச் சொல்ல 'மல்லிகை போல', 'புளித்த மோர் போல' என உவமை தேடுவோம். ஜஹாய் மொழியிலோ சிவப்பு, பச்சை என்பனபோல மணங்களுக்கே தனித்த அடிப்படைச் சொற்கள் சுமார் பன்னிரண்டு உள்ளன. அசீஃபா மஜித், நிக்லாஸ் பூரென்ஹுல்ட் என்னும் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு, ஜஹாய் மக்கள் மணங்களுக்கு நிறங்களைப் போலவே எளிதாகப் பெயர் சொல்கின்றனர் என்று காட்டியது. காட்டில் உணவு தேடுவோர்க்கு மூக்கும் ஒரு கருவி. அக்கருவியைப் பயன்படுத்தும் வாழ்க்கை இருக்கும்வரை அச்சொற்களுக்கும் வேலை இருக்கும்.

எது நிற்கும், எது நழுவும்

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். குவார் கெப்பாவில் பொருள் எஞ்சியது, சொல் போயிற்று. மால்பு என்பதில் சொல் எஞ்சியது. பொருளை அறிந்தார் அருகினர். குறும்பர் ஓவியத்தில் பொருள், சொல், வரைபவர் ஆகிய மூன்றும் இன்னும் ஓரிடத்தில் இருக்கின்றன. ஆனால் அது நிலையான உறுதியன்று. காட்டில் நுழைவதற்கும் எடுப்பதற்கும் சட்டங்கள் வந்தன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேன் முதலிய சிறு வனப்பொருள்களின்மீது பழங்குடியினர்க்கு உரிமை அளித்தது. உரிமை ஏட்டில் இருந்தாலும், பிள்ளைகள் பள்ளிக்கும் கூலிவேலைக்கும் சென்றபின் கொடி முறுக்கக் கற்போர் குறைவர். அப்போதும் சந்தையில் விலைபோவதால் ஓவியம் தொடரக்கூடும். ஏணியை வரைவார்கள், எந்தக் கொடியால் முறுக்கியது என்று கேட்டால் சொல்லத் தெரியாத தலைமுறையும் அதை வரையக்கூடும். ஓவியம் வடிவத்தைக் காக்கும். பெயரைக் காப்பது அதன் அருகில் நின்று பேசும் வாய்.

ஆகவே ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். கருப்பொருள் அட்டவணையைக் கற்பிக்கும் நாளில் ஒரு வெள்ளைத்தாளையும் மாணவர் கையில் கொடுங்கள். தேனழித்தலை வரையச் சொல்லுங்கள். எதில் ஏறுவான், கையில் என்ன இருக்கும், கயிற்றை யார் பிடிப்பார், தேனை எதில் வாங்குவார் என ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வரைய முடியாத இடத்தில்தான் தெரியாத சொல் இருக்கும். அங்கிருந்து அகராதிக்குச் செல்லட்டும்.

மாணவர்க்கும் ஒன்று சொல்வேன். நம்முள் பலருடைய பாட்டன் பாட்டியர் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்தவர்கள். விடியலில் பெயர் கூப்பிடும் 'பிரட்டு', பால் வடியும் 'மங்கு', ரப்பருக்கே வழங்கிய 'கித்தா' ஆகிய சொற்களுள் எத்தனை உங்கள் வீட்டில் இன்றும் ஒலிக்கின்றன? சம்பளம் போதாத நாளில் ஓடைக்கரையில் அவர்கள் பறித்த கீரை எது, தோண்டிய கிழங்கு எது? விடுமுறையில் ஒருநாள் அவர்களருகே அமருங்கள். அவர்கள் சொல்லச் சொல்லப் படம் வரையுங்கள்; ஒவ்வொரு பொருளின் அருகிலும் அவர்கள் சொன்ன பெயரை, அவர்கள் சொன்ன ஒலியிலேயே எழுதுங்கள். ஓவியம் அழகாக இராவிட்டாலும் குறையில்லை.

அம்மாணவி மறுவாரம் மீண்டும் வந்தாள். மால்பு என்னும் சொல்லைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதைப் படித்துவிட்டுச் சுவரின் அருகே சென்று, ஏணியில் நிற்பவனை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "தோட்டத்தில் தென்னை ஏற எங்கள் தாத்தா காலில் ஒன்று மாட்டிக்கொள்வாராம், ஐயா. அதற்கு என்ன பெயர் என்று வீட்டுக்குப் போய்க் கேட்கிறேன்" என்றாள்.